தானாகத் திரும்பாது என்று எழுதினேன்

கப்பலில் என் மகளுடைய பை மட்டும் வந்திருந்தது.

மரூன் நிறப் பை. கைப்பிடியில் அடையாளத்துக்காக நான் கட்டிய பச்சை ரிப்பன். கீழ்த்தளத்தில், நாற்பத்திரண்டாம் நம்பர் பங்க் படுக்கையில், தலைமாட்டில் ஒழுங்காக வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம். ஆளைக் காணவில்லை.

மொபைல் கடைக் கவுன்டரில் புதிதாக நிற்க வருகிற பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். போன் விற்பதைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஆனால் பேனாவை எடுத்தால் அந்தப் பைதான் முதலில் வருகிறது. அதை முதலில் எழுதிவிட்டேன். இனி வரிசையாகச் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன்.

1. பர்ஸ்ட் லுக்

என் பெயர் ராணி. நிக்கோபார் பக்கம் கட்சால் தீவில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து, கட்சால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். சுனாமிக்குப் பிறகு கைக்குழந்தையோடு போர்ட் பிளேர் வந்தேன். ஷாதிபூரில் வீடு. என் வீட்டுக்காரருக்கு மாயாபந்தரில் வேலை, மாதம் இரண்டு தடவை வருவார். அபர்தீன் பஜாரில் காதர் பாயின் மொபைல் கடையில் கவுன்டருக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்து இருபது வருடம் ஆகிறது. அந்தக் கைக்குழந்தை தர்ஷினி இப்போது லிட்டில் அந்தமானில், ஹட் பேயில், கான்ட்ராக்ட் டீச்சர்.

எங்கள் கடையின் பாதி வியாபாரம் கடைக்கு வராதவர்களோடுதான். கட்சாலிலும் ஹட் பேயிலும் இருக்கிறவர், ஒரு போன் பார்க்க கப்பல் ஏறி போர்ட் பிளேர் வர மாட்டார். வாட்ஸ்அப் குரூப்பில் கேட்பார். நாங்கள் கப்பலில் போகிற தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்புவோம். அவர்கள் பார்க்காமல் வாங்குவதால், அவர்களுக்குப் பதிலாக நான் பார்க்க வேண்டும். புது மாடல் வந்தால் ஐந்தாறு வரியில் ஒரு குறிப்பு எழுதிக் குரூப்பில் போடுவேன். கடையில் அதற்கு ‘பர்ஸ்ட் லுக்’ என்று பெயர். ‘ராணி அக்கா எழுதிட்டாங்களா?’ என்று கேட்டுவிட்டுத்தான் ஆர்டர் கொடுப்பார்கள்.

எழுதுவதற்கு முன் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. போனை ஒரு நாள் முழுக்க என் கைப்பையில் போட்டுக்கொண்டு திரிவேன். டிபன் பாக்ஸ், குடை, சாவிக்கொத்து எல்லாவற்றோடும் சேர்ந்து அதுவும் கிடக்கும். ஷாதிபூர் ஏற்றத்தில் வியர்த்த கையால் எடுப்பேன். மீன் மார்க்கெட் இரைச்சலில் ரிங் கேட்கிறதா என்று பார்ப்பேன். மறுநாள்தான் எழுதுவேன். கண்ணாடிக் கவுன்டர் மேல் வைத்துப் பார்த்தால் எந்தப் போனும் நல்ல போன்தான்.

இது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும்தான் அன்றைக்கு அப்படிச் செய்தேன்.

2. ஆரஞ்சு முதுகு

மெயின்லேண்ட் பார்சல் பத்தரை மணிக்கு வந்தது. காதர் பாய் பிளேடால் டேப்பைக் கிழித்து ஒரு பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

“இந்தாம்மா. கொறஞ்ச வெலையில இப்படி ஒண்ணு நான் பார்த்ததில்ல. போனா, வீட்டு மிக்ஸியான்னு தெரியல.”

திறந்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது. எல்லாக் கம்பெனியும் முதுகைக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக்குகிறது. இதன் முதுகு சொரசொரப்பான ஆரஞ்சு பிளாஸ்டிக். நான்கு மூலையில் மூன்றில் வெளியே தெரிகிற மாதிரி ஸ்குரூ. நான்காவது மூலையில் ஒரு வட்டத் திருகு. பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கத் திருப்புவோமே, அந்த மாதிரி, ஓரத்தில் பல் வெட்டி, கட்டைவிரல் அளவுக்கு. ஸ்குரூக்களைக் கழற்றி, திருகை நேராக வைத்தால் முதுகே தனியாக வந்துவிடும். சிம் அதற்குள்தான். வேறு நிறத்து முதுகு வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

அந்தத் திருகுதான் அந்தப் போனின் விசேஷம். அதைக் கால் சுற்று திருப்பினால் போன் கால், மெசேஜ், நெட் எல்லாம் நின்றுவிடும். போன் ஓய்வுக்குப் போய்விடும். பிள்ளைகள் படிக்கும்போது, கோயிலில் நிற்கும்போது, எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கத்தான் அப்படிச் செய்திருக்கிறார்களாம். திரையில் மேலே டவர் கோடுகள் இருக்கிற இடத்தில் ஒரு சின்னச் சாம்பல் குறி வரும். அவ்வளவுதான்.

கையில் பிடித்துப் பார்த்தேன். வழுக்கவில்லை. ஸ்பீக்கர் சத்தம் கடைக்கு வெளியே வரை கேட்டது. எடை குறைவு. வெயிலில் திரை தெரிந்தது. திருகைத் திருப்பினேன். ‘டக்’ என்று இறுக்கமாக உட்கார்ந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. அழகான பொருளைக் கண்டால் ஏற்படுகிற சந்தோஷம் இல்லை. சும்மா பளபளக்காமல், வேலை செய்யப் பிறந்த மாதிரி இருந்தது. தர்ஷினிக்கு ஒன்று எடுத்துவிட வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

“எழுதிட்டியாம்மா?” என்றார் பாய்.

“நாளைக்கு எழுதறேன் பாய். பையில போட்டுப் பாக்கணும்.”

“நாளைக்கு எழுதி என்ன செய்ய? பன்னெண்டு மணிக்குக் கப்பல். இத விட்டா அடுத்தது எப்பன்னு கடலுக்குத்தான் தெரியும். கட்சால் மாமா ரெண்டு வாரமா போன் இல்லாம உக்காந்திருக்காரு.”

கட்சால் மாமா என்றால் மாரியப்பன் மாமா. அப்பாவோடு ரப்பர் வெட்டியவர். மனைவி இல்லை. ஒரே மகன் சென்னையில் வேலை. அவருடைய பழைய போன் மழையில் நனைந்து செத்துப்போயிருந்தது.

அரை மணி நேரத்தில் எழுதினேன். அந்தக் குறிப்பு இன்னும் குரூப்பில் இருக்கிறது. அழிக்கவில்லை. கடைசி இரண்டு வரி இப்படி:

‘மூலையில் உள்ள திருகைத் திருப்பினால் போன் ஓய்வெடுக்கும். திருகு கெட்டி, தானாகத் திரும்பாது.’

தானாகத் திரும்பாது என்று எனக்கு எப்படித் தெரியும்? கண்ணாடி மேல் வைத்து மூன்று தடவை விரலால் திருப்பிப் பார்த்ததில் தெரியும்.

அன்றே பதினோரு போன் கப்பலேறியது. அதில் ஒன்று கட்சாலுக்கு, ஒன்று என் மகளுக்கு.

3. நாட் ரீச்சபிள்

அடுத்த மாதம் தர்ஷினிக்கு போர்ட் பிளேரில் நிரந்தர வேலைக்கான இன்டர்வியூ. முதல் நாளே ஹட் பேயிலிருந்து எட்டு மணிக் கப்பலில் வருவதாகச் சொல்லியிருந்தாள். கூட அவள் பள்ளிக்கூடத்து டீச்சர் மௌசுமி, பெங்காலிப் பெண். காலை ஏழு மணிக்கு ‘ஏறிட்டேன்’ என்று மெசேஜ் வந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை.

நான் பதறவில்லை. இதை மெயின்லேண்டில் இருப்பவர்கள் புரிந்துகொள்வது கஷ்டம். கப்பல் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் டவர் போய்விடும். இந்தப் பக்கம் கரை தெரியும்போதுதான் வரும். நடுவில் ‘நாட் ரீச்சபிள்’ என்று வந்தால் ஆள் பத்திரமாகக் கடலில் இருக்கிறார் என்று அர்த்தம். எங்களுக்கு அது ஆறுதல் தருகிற குரல்.

இரண்டரை மணிக்குக் கடையிலிருந்து கிளம்பி பீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போனேன். கப்பல் கண்ணுக்குத் தெரிந்தது. கூப்பிட்டேன். நாட் ரீச்சபிள். கயிறு கட்டினார்கள். நாட் ரீச்சபிள். ஜனங்கள் இறங்க ஆரம்பித்தார்கள். கோழிக்கூடை, வாழைத்தார், அட்டைப்பெட்டி, தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள். கடைசியில் மௌசுமி, வாந்தி எடுத்து எடுத்து வெளுத்த முகத்தோடு வந்தாள்.

“தர்ஷினி எங்கம்மா?”

அவள் என் பின்னால் தேடினாள். “உத்ரீ நஹீ? இன்னும் எறங்கலியா ஆன்ட்டி?”

“உன்கூடத்தானே இருந்தா?”

“நஹீ ஆன்ட்டி…” அவள் தமிழும் ஹிந்தியும் கலந்து சொன்னதை இங்கே நேராகச் சொல்கிறேன். காலையில் ஏறிப் பைகளை பங்க்கில் வைத்தார்கள். தர்ஷினிக்கு அப்போதுதான் சர்டிபிகேட் பைலை வீட்டில் விட்டது ஞாபகம் வந்திருக்கிறது. ‘நான் போய் எடுத்துட்டு வந்துடறேன், கேங்வே படிய தூக்கற மாதிரி இருந்தா மிஸ்டு கால் குடு’ என்று இறங்கி ஓடியிருக்கிறாள். இது எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். பையைப் போட்டு இடம் பிடித்துவிட்டு டீ குடிக்க, சாமான் வாங்க இறங்குவோம். மேலே இருக்கிறவர் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் ஓடி வந்து ஏறுவோம். நானே எத்தனையோ தடவை செய்திருக்கிறேன்.

“நான் கால் பண்ணேன் ஆன்ட்டி. தீன் பார், மூணு வாட்டி. நாட் ரீச்சபிள். டவர் போயிருக்கும், அவ ஏறி மேல டெக்ல இருப்பான்னு நெனச்சேன். அப்புறம் எனக்கு வாந்தி. எந்திரிக்கவே முடியல.”

மௌசுமி அழுதுகொண்டே என்னைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கேதான் அந்தப் பையைப் பார்த்தேன்.

ஜிப்பைத் திறந்தேன். இன்டர்வியூவுக்கு அயர்ன் செய்து மடித்த நீலப் புடவை இருந்தது. டிக்கெட் பார்க்கிற தம்பி, தெலுங்குக்காரர், லிஸ்டைக் கொண்டுவந்து காட்டினார். அவள் பெயருக்கு நேராக டிக் இருந்தது.

“பேருக்கு நேரா டிக் ஹை, மேடம். ஏறியிருக்காங்க.”

“எறங்கினத யாரு பாத்தா?”

அவர் மறுபடி லிஸ்டைப் பார்த்தார். ஏறுகிறவர்களைத்தான் எழுதுவார்கள். இறங்கி மறுபடி வந்தாளா, வரும்போது படியில் வழுக்கினாளா, வந்து ஏறி டெக்கில் நின்றாளா என்று லிஸ்டில் இருக்காது. அன்றைக்குக் கடல் சரியில்லை. டெக் முழுக்க ஈரம்.

சுனாமிக்குப் பிறகு கட்சாலில் லிஸ்ட் வாசித்தார்கள். பெயர் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். நான் அந்த வரிசையில் நின்றவள். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத என்னால் இப்போது முடியாது.

கப்பல்காரர்கள் கூடவே இருந்து தேடினார்கள். இரண்டு டெக், கான்டீன், பாத்ரூம். பிறகு ஹட் பே ஜெட்டிக்கு வயர்லெஸ்ஸில் கேட்டார்கள். பதில் வரும், உட்காருங்கள் என்றார்கள். உட்கார முடியவில்லை. ஜெட்டியில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். காதர் பாய் கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் வந்தார். பையை என் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். நான் நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தேன். காலையில் ஆறுதலாக இருந்த அதே குரல்தான். அதே வார்த்தைதான்.

4. ஆறு கிலோமீட்டர்

வயர்லெஸ் பதிலுக்கு முன்னால் என் போன் அடித்தது. நாலரை மணி இருக்கும். திரையில் தர்ஷினி.

“அம்மா, எதுக்கு இத்தன மிஸ்டு கால்? மௌசுமி சொல்லலியா? நான் கப்பல விட்டுட்டேன்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“அம்மா? கோவமா இருக்கியா? பைல எடுக்கப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள கப்பல் போயிருச்சு. மௌசுமிகிட்ட மிஸ்டு கால் குடுன்னு சொல்லியிருந்தேன், அது அப்ப வரவே இல்ல.”

“எங்கடி இருக்க?”

“ஆறு கிலோமீட்டர்ல. வீட்லதான்.” ஹட் பேயில் ஜெட்டியிலிருந்து எத்தனை கிலோமீட்டரோ அதுவே ஊருக்குப் பெயர். “அழுதுட்டுப் படுத்தேன். தூங்கிட்டேன்.”

கயிறு கட்டுகிற இரும்புக் குற்றி மேல் உட்கார்ந்துவிட்டேன். போனைப் பாய் வாங்கினார்.

“தர்ஷினி, காதர் மாமா பேசறேன். நல்லா தூங்குனியாம்மா? இங்க உங்கம்மா தூக்கத்தையும் சேத்து நீயே தூங்கிட்ட.” சொல்லிவிட்டு அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எட்டு மணியிலிருந்து நாலரை மணி வரை தன் போனில் ஒரு கால்கூட வராததைப் பற்றி என் மகள் ஏன் யோசிக்கவில்லை? நான் கேட்டேன். “மழை பெஞ்சுதும்மா. டவர் போயிருக்கும்னு நெனச்சேன். ஆட்டோக்காரரும் அதத்தான் சொன்னாரு” என்றாள். மெயின்லேண்டில் ஒரு பெண்ணின் போனில் டவர் இல்லாமல் போனால் பத்து நிமிடத்தில் போனைத் தட்டிப் பார்ப்பாள், அணைத்துப் போடுவாள், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பாள். நாங்கள் செய்ய மாட்டோம். டவர் போவதும் வருவதும் எங்களுக்கு மழை மாதிரி. மௌசுமி அப்படித்தான் நினைத்தாள், தர்ஷினி அப்படித்தான் நினைத்தாள், நானும் மூன்று மணி வரை அப்படித்தான் நினைத்தேன். மூன்று பேருமே போனைச் சந்தேகப்படவில்லை.

நாலு மணிக்குப் பக்கத்து வீட்டில் ஒரு போன் அடித்திருக்கிறது. டவர் இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சிம் ஆடிவிட்டதோ என்று பின் முதுகைக் கழற்ற உட்கார்ந்திருக்கிறாள். முதுகு கழல வேண்டுமானால் திருகு நேராக இருக்க வேண்டும். அது நேராக இல்லை. கால் சுற்று திரும்பியிருந்தது. நேராக்கியதும், வராமல் நின்றிருந்த மிஸ்டு கால் மெசேஜ் எல்லாம் வரிசையாக விழுந்து, போன் கையில் துள்ள ஆரம்பித்திருக்கிறது.

காலையில் கப்பலிலிருந்து இறங்கி ஓடும்போது போனைச் சாவியோடு ஒரே சின்னப் பையில் போட்டிருந்தாளாம். திருகின் பல்லில் சாவி மாட்டியிருக்க வேண்டும்.

அடுத்த கப்பல் இரண்டு நாள் கழித்துத்தான். இன்டர்வியூ போயிற்று. அவள் இன்னும் கான்ட்ராக்ட் டீச்சர்தான். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும்.

5. இரண்டாவது குறிப்பு

மறுநாள் கடையில் மிச்சமிருந்த ஒரு ஆரஞ்சு போனை எடுத்துக் கைப்பையில் போட்டேன். ஒரு மாதம் முன்னால் செய்திருக்க வேண்டியது. டிபன் பாக்ஸ், குடை, சாவி. மூன்று நாள் சுமந்தேன். இரண்டு தடவை திருகு தானாகத் திரும்பியது. இரண்டு தடவையும் எனக்குத் தெரியவில்லை. மேலே வருகிற அந்தச் சாம்பல் குறி, டவர் இல்லாதபோது வருகிற குறியைப் போலவே இருந்தது.

“பாய், குரூப்புல எழுதப்போறேன்.”

“பதினோரு பீஸ் போயிருக்கும்மா. எல்லாம் திரும்பி வந்துச்சுன்னா?”

“வரட்டும். நான் எழுதினத நம்பித்தான் வாங்கினாங்க.”

அவர் ரொம்ப நேரம் கவுன்டர் கண்ணாடியைத் துடைத்தார். “சரி, எழுது. கெட்ட போன்னு எழுதாத. அது கெட்ட போன் இல்ல. திருகு திரும்பும்னு எழுது.”

அது நியாயம். எழுதினேன். ‘தானாகத் திரும்பாது என்று நான் எழுதியது தவறு. பார்க்காமல் எழுதினேன். பையில் போட்டால் திரும்புகிறது. டவர் இல்லை என்று தோன்றினால் முதலில் திருகைப் பாருங்கள். சைக்கிள் டியூபில் ஒரு சின்ன வளையம் வெட்டித் திருகுக்கு அடியில் மாட்டினால் நிற்கிறது.’ எழுதியதோடு விடாமல், வாங்கிய ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டேன். ஒருவர் திருப்பி அனுப்பினார். மற்றவர்கள் வளையம் போட்டுக்கொண்டார்கள்.

மாரியப்பன் மாமாவை மட்டும் பிடிக்க முடியவில்லை. நாட் ரீச்சபிள்.

“கட்சால்ல டவர் எப்பவுமே அப்படித்தானேம்மா” என்றார் பாய். பழைய ராணியாக இருந்தால் ஆமாம் என்று சொல்லி அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். அடுத்த கப்பலில் கட்சால் போகிற ஒரு கம்பவுண்டரிடம், டியூப் வளையம் ஒன்றையும் நாலு வரிக் கடிதத்தையும் கொடுத்தனுப்பினேன். கப்பல் போய்ச் சேர்கிற வரை எனக்கு வேலையில் மனசு நிற்கவில்லை. கஸ்டமர் ஒருவருக்கு ஸ்கிரீன்கார்டைத் தலைகீழாக ஒட்டினேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவர் கூப்பிட்டார்.

“ராணி, நாப்பது வருசம் ரப்பர் வெட்டினவனுக்கு ரப்பர் அனுப்பி வைக்கிறியா நீ?”

“மாமா, நல்லா இருக்கீங்களா? திருகு திரும்பி இருந்துச்சா?”

“இருந்துச்சு.” பின்னால் கோழி கொக்கரிப்பது கேட்டது. “பதினெட்டு நாளா மகன் பேசலம்மா. பொண்டாட்டி வந்ததும் அப்பன மறந்துட்டான்னு நெனச்சேன். ஊர்ல நாலு பேருகிட்ட சொல்லியும்புட்டேன். இனி அவனா கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாதுன்னு இருந்தேன். இப்ப நேராக்கினா, எத்தன வாட்டி கூப்பிட்டிருக்கான் பாரு. எண்ணி முடியல.”

“பேசினீங்களா மாமா?”

“பேசினேன். அவன் கப்பலுக்கு டிக்கெட் போட்டுட்டானாம், அப்பனுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு. வரட்டும். அந்த நாலு பேருகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இப்ப யோசன.”

போனைத் திருப்பி அனுப்புகிறீர்களா என்று கேட்டேன். எதற்கு, நல்ல போன்தானே என்றார். தர்ஷினியும் அதையேதான் வைத்திருக்கிறாள். முதுகை மட்டும் பச்சையாக மாற்றிக்கொண்டாள். தினமும் காலையில் கூப்பிடுகிறாள். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் திருகு நேராக இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன். “நேரா இல்லாமத்தான் உன்கிட்ட பேசறேனாம்மா?” என்று சிரிக்கிறாள். அவள் சொல்வது சரிதான். ஆனாலும் கேட்கிறேன்.

கவுன்டருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கண்ணாடி மேல் வைத்துப் பார்த்ததை, கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன் என்றே சொல்லுங்கள். பையில் போட்டுச் சுமக்காத போனைப் பற்றி, கப்பல் காத்திருந்தாலும், நான் இப்போது ஒரு வரி எழுதுவதில்லை. இதை எழுதும்போதும் பக்கத்தில் என் போன் இருக்கிறது. ஹட் பே கப்பல் இன்றைக்கு எட்டு மணிக்குக் கிளம்பியது. தர்ஷினி அதில் வருகிறாள். மணி பன்னிரண்டு. நாட் ரீச்சபிள் என்றுதான் வரும், எனக்குத் தெரியும். இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டேன்.